பிளாட்பாரம், போலீஸ், கவுன்சிலர்: திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

வால்டாக்ஸ் ரோடு, யானைகவுனி, ராயபுரம் பக்கம் பிளாட்பாரத்துலயே வாழற குடும்பங்களுக்கு வோட்டர் ஐடி, ஆதார், ஸ்கூல் அட்மிஷன்னு பேப்பர் வேலை பாத்துக் கொடுக்கற ஒரு சின்ன கும்பல் நாங்க. எங்க போனாலும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்க தான் வருது. ஆபீஸ்ல கேக்கறது ஒரு மாதிரி, கல்யாண வீட்ல மாமா கேக்கறது ஒரு மாதிரி, பிளாட்பாரத்துல இருக்கறவங்களே கேக்கறது இன்னொரு மாதிரி. கேட்டவங்க வார்த்தையிலயே போட்டிருக்கேன், கோவமா கேட்டதையும் சேத்து. சென்னையைப் பத்தி மட்டும் தான் பேசறேன். நான் வக்கீல் இல்லை, கேஸ்னு வந்தா வக்கீல் கிட்ட தான் போகணும், அதுக்கும் கீழ வழி சொல்லியிருக்கேன்.

இவங்க எல்லாம் வெளியூர்ல இருந்து வந்தவங்க தானே, ஊருக்கே போயிடலாம்ல?

சென்ட்ரல், எக்மோர், கோயம்பேடு பக்கம் படுத்திருக்கறவங்கள்ல வெளியூர்க்காரங்க நிறைய பேர் உண்டு. வேலை தேடி வந்தவங்க, ஜிஹெச்சுக்கு வைத்தியத்துக்கு வந்து காசு தீர்ந்து போனவங்க, பிள்ளைங்க கூட சண்டை போட்டுட்டு பஸ் ஏறின பெரியவங்க.

வடசென்னை கதை வேற. தாத்தா பாட்டி கொத்தவால்சாவடி மார்க்கெட்ல மூட்டை தூக்க வந்தாங்க, மார்க்கெட் பக்கத்துலயே படுத்தாங்க, அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை குட்டி. 1996ல காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போயிடுச்சு, இவங்க போகலை, ஏன்னா அதுக்குள்ள பொழப்பு அந்த ஏரியாவோட பின்னிக்கிச்சு, மீன்பாடி வண்டி (மூணு சக்கர லோடு வண்டி) ஓட்டறது, பூ கட்டி விக்கறது, சவுகார்பேட்டை கடைங்களுக்கு லோடு அடிக்கறது, மண்டபத்துல பாத்திரம் கழுவறதுன்னு. மூணாவது தலைமுறை ஆளைப் பாத்து சொந்த ஊருக்குப் போன்னா அவன் வால்டாக்ஸ் ரோட்டுல இருந்து கிளம்பி வால்டாக்ஸ் ரோட்டுக்குத் தான் வரணும்.

மொத்தம் எத்தனை பேர் தான் இருக்காங்க?

2011 சென்சஸ்ல நாடு முழுக்க வீடில்லாதவங்க 17.7 லட்சம் பேர், சென்னையில மட்டும் 16 ஆயிரத்துக்கு மேல. அந்தக் கணக்கு பிப்ரவரி 28 ராத்திரி ஒரே ராத்திரியில எடுத்தது, அன்னிக்கு நைட் லோடுக்குப் போனவன், மண்டபத்துல வேலைக்குப் போனவள் எல்லாம் எப்படி கணக்குல வருவாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. 2021 சென்சஸ் தள்ளிப் போனதால எல்லாரும் அந்தப் பழைய நம்பரையே வச்சு ஓட்டிட்டு இருக்காங்க.

கவர்மென்ட் தங்குமிடம் தான் இருக்கே, அங்க போய் படுக்காம ரோட்ல படுக்கறது திமிரு தானே?

தங்குமிடம் இருக்கறது உண்மை தான். 2009 டிசம்பர் குளிர்ல டெல்லி பூசா ரோடு பக்கம் வீடில்லாதவங்க இருந்த டென்ட்டை கார்ப்பரேஷன் பிரிச்சுப் போட்டுச்சு, அந்தக் குளிர்ல உயிர் போச்சு, விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதுல 2010ல பெரிய சிட்டிகள்ல ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம்னு உத்தரவு வந்துச்சு. 2013க்கு அப்புறம் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல அதுக்குன்னு தனித் திட்டமே வந்துச்சு, ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு விதி. சென்னை கார்ப்பரேஷன் எல்லையில 2011லயே சுமார் 67 லட்சம் பேர், அப்போ 67 தங்குமிடம் வேணும், கணக்கு அவ்வளவு தான்.

ஆனா யார் போவாங்கன்னு பாருங்க. தங்குமிடம் பெரும்பாலும் ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி, குடும்பமா சேந்து இருக்க இடம் ரொம்ப கம்மி. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம், பதினாலு வயசுப் பையன் எங்கன்னு யாருக்கும் தெரியாது. மீன்பாடி வண்டியை எங்க நிறுத்தறது? ராத்திரி ரெண்டு மணிக்கு பூ வாங்க கோயம்பேடு போகணும், கேட்டை யார் திறப்பா? அடுப்பு, பானை, துணி மூட்டை எல்லாம் யார் பாத்துப்பா? தனி ஆளுக்கு, வயசானவங்களுக்கு, ஆஸ்பத்திரில நோயாளி கூட இருக்கறவங்களுக்கு தங்குமிடம் நிஜமாவே நல்ல விஷயம், ஜிஹெச் பக்கத்துல இருக்கறது எல்லாம் நிரம்பி வழியுது. குடும்பத்துக்கு அது சரிப்படாது, இதுல திமிரு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியலை.

1913க்கு போன் பண்ணா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களா?

1913 கார்ப்பரேஷன் நம்பர். போலீஸ் பக்கம் 'காவல் கரங்கள்'னு 2021ல ஆரம்பிச்ச ஒரு பிரிவு இருக்கு, ரோட்ல ஆதரவில்லாம இருக்கறவங்களை மீட்டு இல்லத்துல சேக்கறது, ஊர்ல சொந்தக்காரங்களைத் தேடிப் புடிச்சு ஒப்படைக்கறது, யாரும் வராத உடலை அடக்கம் பண்றது வரைக்கும் பண்றாங்க. போலீஸ் பேரைக் கேட்டாலே திட்டறவங்க இதையும் கணக்குல எடுத்துக்கணும்.

ஒரே ஒரு விஷயம், போன் பண்றதுக்கு முன்னாடி அந்த ஆள் கிட்ட கேளுங்க. வரலைன்னு சொல்ற ஆளை வண்டியில ஏத்தினா அதுக்குப் பேரு மீட்பு இல்லை, இடத்தைக் காலி பண்றது. அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்துக்கு வந்துடுவார், அடுத்த தடவை வண்டி சத்தம் கேட்டாலே ஓடுவார்.

பிளாட்பாரத்துல தூங்கறதே குத்தமா இல்லையா? நேரா சொல்லுங்க.

தூங்கறதுக்குன்னு தனியா ஒரு குத்தம் சட்டத்துல கிடையாது. வழியை மறைச்சா, பொது இடத்துல கட்டடம் மாதிரி எழுப்பினா கார்ப்பரேஷன் எடுக்கலாம். பிச்சை எடுத்தா 1945ம் வருஷத்து மெட்ராஸ் பிச்சை தடுப்புச் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு. டெல்லில இதே மாதிரி சட்டத்தோட முக்கியமான பிரிவுகளை 2018ல டெல்லி ஹைகோர்ட் அடிச்சுத் தூக்கிடுச்சு, ஆனா அது நம்ம சட்டத்தைத் தொடாது. 2021ல பிச்சைக்காரங்களை ரோட்ல இருந்து அகற்றச் சொல்லி ஒருத்தர் கேட்டப்போ சுப்ரீம் கோர்ட் அப்படி உத்தரவு போட முடியாதுன்னுடுச்சு, வறுமை தானே காரணம்னு.

குத்தமே இல்லைன்னா ராத்திரி எழுப்பி ஸ்டேஷனுக்கு ஏன் கூட்டிட்டுப் போறாங்க?

இது பிளாட்பாரத்துல இருக்கறவங்க கேக்கற கேள்வி, அதுவும் பையனுங்க. ரெண்டு நம்பர் அவங்களுக்கு மனப்பாடம். ஒண்ணு எழுபத்தஞ்சு, 1888ம் வருஷத்து சிட்டி போலீஸ் சட்டத்துல குடிச்சுட்டு கலாட்டா, அசிங்கமா நடந்துக்கறதுக்கான பிரிவு, ஃபைனோட முடியற பெட்டி கேஸ். இன்னொண்ணு நூத்தி ஒம்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இருந்த பிரிவு, அதுக்குப் பதிலா வந்த புது சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல அது 128, ஆனா எல்லாரும் இன்னும் பழைய நம்பர் தான் சொல்றாங்க. ஒருத்தன் குத்தம் பண்ற எண்ணத்தோட ஒளிஞ்சு மறைஞ்சு நிக்கறான்னு சந்தேகப்பட்டா நன்னடத்தைக்கு பாண்ட் எழுதி வாங்கலாம், ஒரு வருஷம் வரைக்கும். கவனிங்க, ஒளிஞ்சு மறைஞ்சு. நாலு பேர் நடக்கற ரோட்டுல, ட்யூப் லைட்டுக்குக் கீழ, பொண்டாட்டி பிள்ளையோட தூங்கறவன் எங்க ஒளிஞ்சான்? மாச முடிவுல கேஸ் எண்ணிக்கை காட்டணும்னா கைக்கு எட்டற தூரத்துல இருக்கறவன் இவன் தான், கதவு தட்ட வேண்டியதில்லை, கேக்க ஆள் இல்லை.

இந்த பாண்ட் விஷயத்துல இன்னொரு கூத்து இருந்துச்சு. 2013, 2014ல போட்ட அரசு உத்தரவுகளால துணை கமிஷனர்களே எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்டா உக்காந்து பாண்ட் வாங்கினாங்க, புடிக்கறதும் போலீஸ், விசாரிக்கறதும் போலீஸ், பாண்டை மீறிட்டான்னு உள்ள போடறதும் போலீஸ். 2023 மார்ச்ல மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த உத்தரவுகளை ரத்து பண்ணுச்சு. பிளாட்பாரத்துல இந்தத் தீர்ப்பு பத்தித் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு கேக்காதீங்க.

ஆனா அவங்கள்லயும் திருடங்க இருக்காங்கல்ல, போலீஸ் சந்தேகப்படறது நியாயம் தானே?

இருக்காங்க. அப்பார்ட்மென்ட்லயும் இருக்காங்க. சந்தேகப்படறது போலீஸ் வேலை, அதை யாரும் தப்புன்னு சொல்லலை. குறிப்பிட்ட கேஸ்ல குறிப்பிட்ட ஆள் மேல சந்தேகம்னா விசாரிக்கட்டும், நோட்டீஸ் கொடுக்கட்டும். ஏரியால ஒரு செயின் பறிப்பு நடந்தா பிளாட்பாரத்துல இருக்கற பதினெட்டுல இருந்து முப்பது வயசுப் பசங்க மொத்தத்தையும் அள்ளிட்டுப் போய் உக்கார வைக்கறது விசாரணை இல்லை.

இதுக்கு வேர் ரொம்பப் பழசு. 1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டான், ஊர் ஊரா சுத்தற சில ஜாதிங்க பிறப்பாலயே திருடங்கன்னு. மெட்ராஸ் மாகாணத்துல 1947ல அது போயிடுச்சு. சட்டம் போச்சு, ஸ்டேஷன்ல பழக்கம் போகலை. குறவர் சமூகத்து ஆளுங்களை ஊர் பேர் தெரியாத திருட்டுக் கேஸ்ல சேக்கறதா இன்னிக்கும் புகார் வந்துட்டே தான் இருக்கு.

சரி, போலீஸை நம்பலாமா கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

சர்வே எடுக்கறவங்க எந்த அமைப்பு மேல நம்பிக்கைன்னு கேட்டா நம்ம நாட்ல ராணுவம் முதல்ல வரும், கட்சிங்க கடைசியில நிக்கும், போலீஸும் கீழ தான். அது வீட்ல உக்காந்து பதில் சொல்றவங்க கணக்கு. பிளாட்பாரத்துல கேட்டா ஆள் பேர் சொல்லித் தான் பதில் வரும். "அந்த ஏட்டையா இருந்தா பிரச்சனை இல்லைண்ணே, குழந்தைக்கு ஜுரம்னா ஆட்டோ புடிச்சுக் கொடுப்பாரு. இப்ப வந்திருக்கற எஸ்.ஐ. தான் லத்தியால தட்டி எழுப்பறாரு." கொரோனா லாக்டவுன்ல சோத்துப் பொட்டலம் கொடுத்ததும் போலீஸ் தான், அதே மாசம் அடிச்சதும் போலீஸ் தான்.

என் கருத்து இது: ஏட்டையாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா கூடவே போயிடற நம்பிக்கையை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க பசங்க கிட்ட போலீஸை நம்புன்னும் சொல்றதில்லை, நம்பாதன்னும் சொல்றதில்லை, பேப்பர் கேளுன்னு தான் சொல்றோம். கைதுன்னா கைது மெமோ, அதுல சாட்சி கையெழுத்து, நேரம், ஒரு சொந்தக்காரருக்குத் தகவல், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி. டி.கே.பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, இப்ப பி.என்.எஸ்.எஸ்.லயே இருக்கு. பேப்பர் இல்லாம "சும்மா உக்காரு"ன்னு வைக்கறது தான் ஆபத்து, எல்லாக் கெட்டதும் அந்த உக்கார வைக்கற நேரத்துல தான் நடக்குது.

அவங்க பொருள் திருட்டு போனா கம்ப்ளைன்ட் எடுப்பாங்களா?

எடுக்கணும். அட்ரஸ் இல்லைங்கறது எப்.ஐ.ஆர். போடாம இருக்கக் காரணம் ஆகாது, படுக்கற இடத்தையே அட்ரஸா எழுதலாம், "எண் இன்ன கடைக்கு எதிரே நடைபாதை"ன்னு. எங்க ஏரியா இல்லைன்னு திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம்னு இப்ப சட்டத்துலயே இருக்கு, எப்.ஐ.ஆர். காப்பி இலவசமா தரணும். நடைமுறையில முதல்ல சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கினதுக்கான ரசீது தான் கிடைக்கும், அதையாவது வாங்காம வெளிய வராதீங்க.

ஆனா பொதுவா என்ன ஆகுதுன்னா, செல்போன் காணோம்னு போன பொண்ணை "உனக்கேது இவ்வளவு விலை போனு?"ன்னு கேப்பாங்க. பறிகொடுத்தவள் ரெண்டு நிமிஷத்துல சந்தேக ஆள் ஆயிடறா. அதனால யாரும் போறதே இல்லை, யாரும் போகாததால ரெக்கார்டுல இங்க குத்தமே நடக்கலைன்னு இருக்கு.

பொம்பளைங்களை ராத்திரி ஸ்டேஷனுக்கு வான்னா போகணுமா?

சூரியன் மறைஞ்சு மறுநாள் உதிக்கற வரைக்கும் பொம்பளையைக் கைது பண்ணக்கூடாது. ரொம்ப விசேஷமான காரணம்னா பெண் அதிகாரி எழுத்துல கொடுத்து மாஜிஸ்திரேட் கிட்ட முன் அனுமதி வாங்கணும். சாட்சியா விசாரிக்கறதுக்கும் பொம்பளைங்க, பதினஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற பசங்க, அறுபது தாண்டினவங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவங்க இருக்கற இடத்துல வச்சுத் தான் கேக்கணும்.

இதுல ஒரு அக்கா கேட்டாங்க, "இருக்கற இடம்னா எனக்கு இந்த பிளாட்பாரம் தானே, அப்ப இங்க வச்சு கேக்கச் சொல்லலாமா?"ன்னு. சொல்லலாம்கா, அதே தான். சட்டத்தைப் படிச்சவங்களை விட அவங்களுக்குச் சட்டென்று புரிஞ்சிடுச்சு.

போலீஸே அடிச்சுட்டா எங்க போய் சொல்றது? அவங்க கிட்டயேவா?

கிட்டத்தட்ட ஆமா, அதான் கொடுமை. 2006ல பிரகாஷ் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு மாநிலத்துலயும் போலீஸ் மேல புகார் விசாரிக்க தனி ஆணையம் வேணும், ரிட்டயர்டு ஜட்ஜ் தலைமையில இருக்கணும்னு சொல்லுச்சு. நாம 2013ல ஒரு சட்டம் போட்டோம், அதுல மாநில அளவுல தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி. உறுப்பினர், மாவட்டத்துல கலெக்டர். போலீஸை நடத்தற துறையே போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கும். எந்தக் கட்சி ஆட்சின்னு கேக்காதீங்க, போட்டது ஒருத்தர், மாத்தாம வச்சிருக்கறதுல எல்லாருக்கும் பங்கு இருக்கு.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி அனுப்பலாம், ஃபீஸ் இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் கிடைப்பாங்க, பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி., குழந்தைங்க, காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம, 15100ன்னு ஒரு நம்பர். அதுக்கு முன்னாடி ஜிஹெச்ல காயத்தைக் காட்டி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட வைங்க, "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க.

சிசிடிவி பதிவையும் உடனே எழுத்துல கேளுங்க. எல்லா ஸ்டேஷன்லயும், லாக்கப் உள்பட, கேமரா வேணும்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி தான் சாத்தான்குளத்துல செல்போன் கடை வச்சிருந்த அப்பாவும் மகனும் செத்தாங்க, அங்க விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்க்ல இடம் இருந்தும் பதிவு தினம் தானா அழியற மாதிரி செட் பண்ணியிருந்ததை ரிப்போர்ட்ல எழுதினார். அவங்க கடை வச்சிருந்தவங்க, சொந்த பந்தம், வியாபாரி சங்கம்னு ஊரே நின்னுச்சு. 2025 ஜூன்ல மடப்புரம் கோவில் காவலாளி விஷயத்துலயும் வீடியோ வந்ததால ஊர் கொதிச்சுது, கேஸ் சி.பி.ஐ.க்குப் போச்சு. பிளாட்பாரத்துல ஒருத்தன் அப்படிச் செத்தா முதல்ல அவன் பேரைக் கண்டுபுடிக்கணும்.

எம்.எல்.ஏ., கவுன்சிலர் எல்லாம் இவங்களைக் கண்டுக்கவே மாட்டாங்களா?

ஓட்டு இருந்தா கண்டுப்பாங்க. இதை நான் கிண்டலா சொல்லலை. ஒரு தெருவுல அறுபது பேர் வோட்டர் லிஸ்ட்ல ஏறினப்புறம் அங்க கட்சி வட்டச் செயலாளர் வந்து குழாய் விஷயம் பேசினதைப் பாத்திருக்கேன், அதுக்கு முன்னாடி அதே குழாய்க்கு அவங்க நடையா நடந்தாங்க. கவுன்சிலர் தான் கிட்டத்துல இருக்கற ஆள், ஆனா சென்னையில 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்க தான் ஓட்டினாங்க. அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஒரு புயல், ஒரு கொரோனான்னு எல்லாம் வந்துட்டுப் போச்சு. போய்க் கத்தறதுக்கு ஒரு வீட்டு வாசல் கூட இல்லாம இருந்தோம்.

வீடே இல்லாதவங்களுக்கு வோட்டர் ஐடியா? கள்ள ஓட்டுக்குத் தானே வழி இது?

தேர்தல் கமிஷனோட விதியே தான். வோட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கற ஃபார்ம் 6ல தூங்கற இடத்தை எழுதணும், பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ராத்திரியில நேர்ல வந்து அந்த ஆள் அங்க தான் தூங்கறாரான்னு பாக்கணும், ஒரு ராத்திரி இல்லை, ஒண்ணுக்கு மேல. அப்படி உறுதியாச்சுன்னா அட்ரஸ் புரூஃப் வேண்டாம். பாஸ்போர்ட் வச்சிருக்கற நம்மளை இப்படி ராத்திரியில வந்து யாரும் செக் பண்றதில்லை.

நடக்கறது எப்படின்னா, பி.எல்.ஓ. பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சரோ ஸ்கூல் டீச்சரோ, பகல் பூரா வேலை பாத்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு யானைகவுனிக்கு வான்னா அந்தம்மாவுக்கும் கஷ்டம் தான். வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்தோம். டார்ச் அடிச்சுப் பாத்தா பாதி பேர் தூக்கத்துல போலீஸ்னு நினைச்சு எந்திரிச்சு மூட்டையைக் கட்டறாங்க. ஒரு ஆயா மட்டும் சுருக்குப் பையில இருந்து மடிச்சு மடிச்சு வச்ச பிளாஸ்டிக் கவரை எடுத்தாங்க, உள்ள புருஷனோட இறப்புச் சான்றிதழ், பேத்தி தடுப்பூசி அட்டை, ஸ்டான்லி ஓ.பி. சீட்டு. "இதுல எது வேணுமோ எடுத்துக்கமா"ன்னு நீட்டினாங்க. டீச்சர் எதையும் எடுக்கலை, பேரை மட்டும் கேட்டு எழுதிக்கிட்டு அடுத்த ராத்திரியும் வந்தாங்க.

காசு வாங்கிட்டு ஓட்டு போடறவங்க அரசியல்வாதியைக் குறை சொல்லலாமா?

2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை பணப் பட்டுவாடா காரணமா கமிஷன் ரத்தே பண்ணுச்சு. அங்க வாங்கினவங்கள்ல மாடி வீடு வச்சிருந்தவங்களும் உண்டு. வடசென்னைல இதைப் பத்திப் பேசினா சிரிப்பாங்க: "அஞ்சு வருஷத்துல அவன் எங்களுக்குக் கொடுக்கப் போற ஒரே பொருள் அது தான், அதையும் வேணாம்னு சொல்லணுமா?" நான் இதை சரின்னு சொல்ல வரலை, காசு வாங்கின ஊர்ல கவுன்சிலர் கிட்ட உரிமையா பேச வாய் வராதுங்கறதும் உண்மை. ஆனா நம்பிக்கை இல்லாத இடத்துல ரொக்கம் தான் ஓடும், கடன் ஓடாது.

வீடு கொடுத்தாங்களே, வித்துட்டுத் திரும்ப ரோட்டுக்கே வந்துட்டாங்களாமே?

மாமாக்கள் ஃபேவரைட் கேள்வி. குடிசை மாற்று வாரியம், 2021ல இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2000ம் வருஷ வாக்குல இருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு கட்டிட்டே போச்சு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரைல இருந்தவங்களை மொத்தமா அங்க ஏத்தினாங்க. பாரிமுனைல லோடு அடிக்கறவனை இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி எட்டாவது மாடில வச்சா காலைல அஞ்சு மணிக்கு அவன் வேலைக்கு எப்படி வருவான்? பரீட்சை நேரத்துல, ஸ்கூல் நடுவுல காலி பண்ணா பிள்ளை படிப்பு என்ன ஆகும்? திரும்பி வந்தவங்க வீட்டை வேண்டாம்னு வரலை, பொழப்பு இங்க இருக்குன்னு வந்தாங்க. அங்கயே தங்கி கஷ்டப்பட்டு பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, அவங்களைப் பத்தி மாமா பேசறதில்லை.

2022 மே மாசம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகர்ல இடிக்க வந்தப்போ ஒரு பெரியவர் தீக்குளிச்சுச் செத்தார். அதுக்கப்புறம் தான் மந்தைவெளி, மயிலாப்பூர்லயே இடம் தர்றோம், மறுகுடியமர்வுக்குக் கொள்கை கொண்டு வர்றோம்னு முதல்வர் சட்டசபைல சொன்னார். பக்கத்துலயே இடம் தர முடியும்னா அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அரசியல்வாதி மேல ஏன் நம்பிக்கை இல்லைன்னு கேக்கறவங்களுக்கு நான் இந்தத் தேதியைத் தான் காட்டுவேன்.

கோர்ட்டே தானே அகற்றச் சொல்லுது? அப்புறம் எதுக்கு அரசியல்வாதியைத் திட்டறீங்க?

கோவிந்தசாமி நகரும் கோர்ட் உத்தரவு தான், ஒத்துக்கறேன். எல்லாரும் ஓல்கா டெல்லிஸ்னு ஒரு கேஸைச் சொல்வாங்க, 1985, பம்பாய் பிளாட்பாரவாசிகள் கேஸ். அதுல பொழப்பும் உயிர் வாழற உரிமையில சேந்ததுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது நிஜம். பாதி பேர் அதோட நிறுத்திடறாங்க. அதே தீர்ப்புல பிளாட்பாரத்துல குடியிருக்க உரிமை இல்லை, முறையா நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம், மழைக்காலம் முடியட்டும்னும் சொல்லியிருக்கு. அதனால அந்த ஒரு தீர்ப்பை வச்சு யாரும் தடுக்க முடியாது. நோட்டீஸ், நேரம், மாற்று இடம் பத்தி என்ன பேசறதுங்கறது எல்லாம் ஆட்சில இருக்கறவங்க கையில தான் இருக்கு.

கார்ப்பரேஷன் லாரி வந்து பொருளை அள்ளிட்டுப் போனா என்ன பண்றது?

அள்ளும் போதே போட்டோ, வீடியோ எடுங்க, வண்டி நம்பர் தெரியற மாதிரி. அன்னிக்கே மண்டல ஆபீஸ்ல பொருள் பட்டியலோட மனு கொடுத்து சீல் வச்ச நகல் வாங்குங்க, முதல்வரின் முகவரி 1100லயும் பதியுங்க. அடுப்பு பானை திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்கூல் பை, ஆதார், மருந்துச் சீட்டு போயிட்டா ஒரு குடும்பம் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதனால பேப்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல யாராவது ஒருத்தர் கிட்ட வச்சிருங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்றோம்.

மனநிலை சரியில்லாதவர் ரோட்ல சுத்தறார், போலீஸ்ல சொன்னா எங்க வேலை இல்லைங்கறாங்க, நிஜமா?

இல்லை, அவங்க வேலை தான். 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 100வது பிரிவுல தெளிவா இருக்கு: ஏரியா ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைல காட்டணும், லாக்கப்ல வைக்கவே கூடாது, யாருன்னு தெரியலைன்னா காணாமப் போனவர்னு எப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடணும். பிரிவு நம்பரைச் சொல்லிக் கேட்டா வேலை நடக்குது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல இருந்து இருக்கு, ஆனா எல்லாரையும் அங்கயே கொண்டு போகணும்னு இல்லை, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிலயே முதல்ல காட்டலாம்.

எங்க அப்பார்ட்மென்ட் வாசல் பிளாட்பாரத்துல ஒரு குடும்பம் வந்துடுச்சு. அசோசியேஷன் போலீஸ்ல சொல்லச் சொல்றாங்க. நான் என்ன பண்றது?

இது தான் கஷ்டமான கேள்வி, ஏன்னா கேக்கறவங்க கெட்டவங்க இல்லை. போலீஸ்ல சொன்னா என்ன நடக்கும்னு மேல எழுபத்தஞ்சு, நூத்தி ஒம்போது கேள்வியிலயே சொல்லிட்டேன், அந்தக் குடும்பம் அடுத்த தெரு வாசலுக்குப் போகும், அந்தத் தெரு அசோசியேஷன் போன் பண்ணும். குத்தம் ஏதாவது நடந்திருந்தா அதுக்கு கம்ப்ளைன்ட் கொடுங்க, இருக்காங்கங்கறதுக்குக் கொடுக்காதீங்க.

முதல்ல இறங்கிப் போய் பேசுங்க, எங்க இருந்து வர்றீங்க, ஏன் இங்கன்னு. பாதி நேரம் பழைய இடத்துல மழைநீர் வடிகால் வேலை தோண்டியிருப்பாங்க, வேலை முடிஞ்சா அவங்களே போயிடுவாங்க. பாத்ரூம் தான் உங்களுக்குப் பிரச்சனைன்னா அவங்களுக்கும் அது தான் பெரிய பிரச்சனை, பக்கத்துப் பொதுக் கழிப்பறை ராத்திரி பூட்டாம இருக்க 1913ல புகார் போடுங்க, அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல போட்டா சீக்கிரம் நடக்கும். வயசானவங்க தனியா இருந்து வர சம்மதிச்சா தங்குமிடம், காய்ச்சல் கீய்ச்சல்னா 108. பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா பக்கத்து கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டி.சி. இல்லைன்னு சொன்னாலும் எட்டாவது வரைக்கும் சேத்துக்கணும், கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு, ஹெச்.எம்.மைப் பாக்க நீங்களும் கூடப் போனீங்கன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும்.